கெம்பனுக்கு வந்த சீக்கு

காளை கண் விழிப்பதற்குள் தொட்டியில் இருந்ததைத் தின்று முடித்துவிட வேண்டும்.

திம்மராயன் இரண்டு கைகளாலும் வழித்தார். மேலே விளக்கெண்ணெயில் வதக்கிய துத்தி இலை. அதற்கு அடியில் கருணைக்கிழங்கு மசியல். அதற்கும் அடியில் அவருக்குத் தேவைப்படாத தவிடு. பிரித்தெடுக்க நேரமில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வாயில் போட்டு மென்றார். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவர் மனைவி வெங்கடம்மாள் மோர்ச் சட்டியோடு கொட்டகைக்கு வந்துவிடுவாள்.

கெம்பன் விழித்துக்கொண்டது. தன் தொட்டிக்குள் எஜமானின் தலை இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவர் காதில் சூடாக ஒரு மூச்சு விட்டது.

"தாளோ கெம்பா, தாளோ. ஒரே வாய்தான்" என்றார் திம்மராயன்.

கெம்பன் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் கன்றாக வாங்கிய ஆலம்பாடிக் காளை. அதட்டலைத் தமிழில் கேட்கும். கெஞ்சினால் மட்டும் 'தாளோ', பொறு என்று கன்னடத்தில்தான் கெஞ்ச வேண்டும்.

"என்னாண்ணா, அண்ணி சோறு போடலையா?"

வேலிக்கு அந்தப் பக்கம் எல்லப்பன் நின்றிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன். வாயில் வேப்பங்குச்சி.

திம்மராயன் தலையைத் தூக்கினார். மீசை முழுக்கத் தவிடு.

"உப்புப் பாத்தேன்."

"காளைக்கா?"

"காளைக்குத்தான். அதுக்கு நாக்கு இல்லையா?"

எல்லப்பன் தொட்டியைப் பார்த்தான், காளையைப் பார்த்தான், மீசையையும் பார்த்தான். துத்தி இலை மாதிரி இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான். அவன் நடந்த வேகம் திம்மராயனுக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. எல்லப்பனிடமும் ஒரு காளை இருந்தது. வெள்ளைக் காளை. அந்த வருஷம், சுயராஜ்யம் வந்து ஆறாவது வருஷம், கெலமங்கலம் சுற்று வட்டாரத்துக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. ஊருக்கு ஒரு பொலிகாளை போதும். ஓசூர் மாட்டுச் சந்தையில் மாட்டு டாக்டர் பார்த்து எந்தக் காளைக்குச் சீட்டுக் கொடுக்கிறாரோ அது காளையாகவே வீடு திரும்பும். மற்றவை எல்லாம் அங்கேயே காயடிக்கப்பட்டு, எருதாகத் திரும்பும்.

சந்தைக்கு இன்னும் பத்து நாள்.

கெம்பனுக்குத்தான் சீட்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லப்பனுக்குக்கூடத் தெரியும். நான்கு வயது, எட்டடி நீளம், மத்தளம் போலத் திமில். ஊர்ப் பசுக்களின் எதிர்காலமே அதன் கையில் இருந்தது. அதன் எதிர்காலம்தான் திம்மராயனின் வாயில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

எல்லாம் ஒரே ஒரு பொய்யால் வந்தது.

நான்கு நாள் முன்பு கெலமங்கலம் சந்தையில் மூலிகைக்காரி மங்கம்மா இலை விரித்திருந்த சாக்குக்கு முன்னால் திம்மராயன் நின்றார். நின்றார் என்றால் உட்கார முடியாமல் நின்றார். இரண்டு மாதமாக அப்படித்தான். போன வருஷம் ஏரி நிரம்பி நெல் விளைந்ததிலிருந்து வீட்டில் களி கிண்டுவது நின்றுபோயிற்று. மூன்று வேளையும் அரிசிச் சோறு, பூண்டு மிளகாய்ச் சட்னி, நாலு தம்ளர் காபி. உழவுக்கு ஆள் வைத்துவிட்டு, வரப்பில் நாற்காலி போட்டு அதட்டிக்கொண்டிருந்தார். நெல் களஞ்சியத்துக்கு வந்தது. கூடவே மூலமும் வந்தது.

"யாருக்கு மருந்து?" என்று கேட்டாள் மங்கம்மா.

கேட்பவளோ ஒரு பெண்பிள்ளை. பின்னால் பத்தடி தூரத்தில் புளி பேரம் பேசிக்கொண்டு மனைவி.

"காளைக்கு" என்றார்.

"அட்லனா?" மங்கம்மாவுக்கு மூன்று பாஷையும் வரும். வியப்பு மட்டும் தெலுங்கில்தான் வரும். "காளைக்கு ரத்தம் போவுதா?"

"எப்பவாச்சும்."

"வெளிக்குப் போறப்ப எரியுதாமா?"

"எரியும்போலத்தான் இருக்குது, அது மூஞ்சியப் பாத்தா."

"காளை காபி குடிக்குமா?"

திம்மராயன் சந்தைக் கூரையைப் பார்த்தார்.

"குடிச்சா நிறுத்துங்க" என்றாள் மங்கம்மா, இலைகளைக் கட்டிக்கொண்டே. "மொளகாக் காரம் ஆவாது. சோத்தை ஒரு வேளைக்குக் கொறைச்சுட்டு ராயிக் களியும் கீரையும் கருணைக்கிழங்கு மசியலும் கொடுங்க. மோரு நெறைய. தண்ணி சொம்பு சொம்பா. ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டு ஆளை அதட்டுற பழக்கம் இருந்தா விடச் சொல்லுங்க. காலையில ரெண்டு மைல் நடக்கணும். வெளிக்கு வந்தா அடக்கக் கூடாது. வராதப்ப உக்காந்து முக்கக் கூடாது."

"சொல்றேன்" என்றார் திம்மராயன்.

"துத்தி எலையை விளக்கெண்ணெயில வதக்கி, வெறும் வயித்துல. அதே எலையைக் கொதிக்க வெச்ச தண்ணியில, கை பொறுக்குற சூட்டுல, கால் மணி நேரம் உக்கார வெய்யுங்க. காளையத்தான். ஒரு மாசத்துல ரத்தம் நிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மாட்டு ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லீங்க. மனுசங்க போறதுக்கு."

அதற்குள் வெங்கடம்மாள் வந்துவிட்டாள். கெம்பனுக்கா மூலம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கண் கலங்கினாள். இலைக்கட்டைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மங்கம்மாவிடம் பக்குவத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள்.

அந்த நிமிஷமே திம்மராயன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி ஒரு மெத்தை குறுக்கே கிடந்தது.

வெங்கடம்மாளின் அண்ணன் கோவிந்தப்பனுக்கும் முன்பு இதே வியாதி வந்தது. பெங்களூருக்குப் போய்க் கத்தி வைத்துக்கொண்டு, இருபது நாள் குப்புறப் படுத்துக் கிடந்துவிட்டு வந்தார். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் மடித்த மெத்தையின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்குப் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "வாங்க மெத்தை மச்சான்" என்று கூப்பிட்டவர் திம்மராயன். அன்று முதல் சொந்தத்தில் யாரும் கோவிந்தப்பனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வெங்கடம்மாளும் அதை மறக்கவில்லை.

ஆகவே திம்மராயன் இரண்டு முடிவு செய்திருந்தார். ஒன்று, கத்திக்குப் போவதில்லை. இரண்டு, உயிரே போனாலும் வீட்டில் சொல்வதில்லை.

வெங்கடம்மாள் மங்கம்மாவின் வார்த்தையில் ஓர் எழுத்துத் தவறவில்லை. கெம்பனுக்குத் துத்தி. கெம்பனுக்குக் கருணைக்கிழங்கு. கெம்பனுக்கு ராகிக் களி, தண்டுக்கீரை, ஒரு சட்டி மோர். வீட்டு மோர் முழுக்கக் கொட்டகைக்குப் போய்விட்டதால் திம்மராயனுக்குக் காரக்குழம்பு. காபியை மட்டும் கெம்பன் குடிக்காது என்பதால் அதையும் சேர்த்து அவருக்கே ஊற்றினாள்.

அதனால்தான் அந்த விடியற்கால வேட்டை. தொட்டியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. அந்த ஒரு பங்கே வேலை செய்தது என்பதுதான் அதிசயம். மூன்றாம் நாளே எரிச்சல் பாதியாகக் குறைந்தது. வலியில்லாமல் ஒரு காலைக்கடன் முடிந்த அன்று, மங்கம்மா இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

மீதி இரண்டு பங்கு கெம்பனின் வயிற்றுக்குள் போயிற்று. அதுவும் வேலை செய்தது. விளக்கெண்ணெய் யாருக்கு என்று பார்த்து வேலை செய்வதில்லை. இரண்டு நாளில் கொட்டகைக்குள் கால் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் எல்லப்பன் வேலியோரம் நின்று அதை நிதானமாகப் பார்த்தான். மறுநாளே ஓசூருக்கு ஒரு மனு போயிற்று. 'கெம்பன் என்கிற காளைக்கு மூலவியாதி. எஜமானர் மறைத்து மருந்து கொடுக்கிறார். ஊர்ப் பசுக்களைக் காப்பாற்ற வேண்டும்.'

மனு போன இரண்டாம் நாள் மாட்டு டாக்டர் சின்னராஜ் நேரிலேயே வந்து நின்றார்.

பத்து மைலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். பின்னால் பியூன் முனிவேல் மருந்துப் பெட்டியோடு வந்தான். டாக்டர் கெம்பனைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். வாலைத் தூக்கி அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. நேராகத் திம்மராயனிடம் வந்துவிட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"எதுங்க?"

"மூலம். ரத்தம் வருதா? எரிச்சல் எப்படி, காலையில மட்டுமா, நாள் முழுக்கவா?"

திம்மராயன் கெம்பனின் கழுத்தைத் தடவினார். அப்படி ஒன்றும் இல்லை, யாரோ வேண்டாதவர்கள் கட்டிவிட்டது என்றார்.

"மருந்து கொடுக்கிறதா மனுவில இருக்கே. என்ன மருந்து? எந்தப் பக்குவம்? குறைஞ்சிருக்கா?"

"மருந்தே கொடுக்கலீங்க."

டாக்டரின் முகம் வாடிப்போயிற்று. அவர் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து, "மறைக்காதீங்க. இதை மறைச்சா கஷ்டப்படப் போறது யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

திம்மராயன் கெம்பனைப் பார்த்தார். கஷ்டப்படப் போவது யார், எந்த இடத்தில் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

வெங்கடம்மாள் மோர் கொண்டுவந்து, டாக்டரை உட்காரச் சொன்னாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, மறுபடியும் வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்று மத்தியானமே திம்மராயன் காரியத்தில் இறங்கினார். கெம்பனுக்குப் பூரண குணமாகிவிட்டது, இனி ஒரு இலைகூட அதன் வாயில் போகக் கூடாது என்று வெங்கடம்மாளிடம் உத்தரவு போட்டார். அவள் சந்தோஷப்பட்டு, கெம்பன் பிழைத்ததற்காக அன்றைக்குக் கோழி அடித்து மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினார். கிடைக்கவில்லை. சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் பட்ட பாட்டை எழுதுவது நாகரிகமில்லை.

வீட்டில் மருந்துக்கு வழியில்லை என்று ஆனதும் வயல்காட்டுக் கிணற்றடிக்கு மாறினார். இரண்டு மைல் நடை. ஏரிக்கரையில் துத்தி தானாகவே முளைத்துக் கிடந்தது. ஒரு பழைய சட்டி, ஒரு புட்டி விளக்கெண்ணெய், மூன்று கல் வைத்த அடுப்பு. நாற்காலியை மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். உழவுக்கு வந்த ஆளை அனுப்பிவிட்டுத் தானே ஏர் பிடித்தார். மத்தியானம் அடுத்த காட்டு மாரம்மாவிடம் தன் அரிசிச் சோற்றைக் கொடுத்துவிட்டு, அவளுடைய களியையும் கீரைக் கடைசலையும் வாங்கித் தின்றார். அவள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக நினைத்தாள். ஆனாலும் தூக்குச் சட்டியை மாற்றிக்கொள்ள மறுக்கவில்லை.

ஐந்தே நாளில் உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. திம்மராயனுக்குத் தைரியம் வந்தது. கடைசிப் பக்குவத்தையும் செய்து பார்த்துவிடலாம் என்று, துத்தி இலைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி உட்கார்ந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் நிம்மதியாக உட்கார்ந்த முதல் இடம் அதுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே பியூன் முனிவேல் நின்றுகொண்டிருந்தான்.

"டாக்டரய்யா கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. அந்த மருந்து எந்த ஊர்ல வாங்கினது?"

"மருந்தே இல்லைன்னு சொன்னேனே."

முனிவேல் தொட்டியை எட்டிப் பார்த்தான். "தண்ணி பச்சையா இருக்குதுங்களே."

"காளையைக் குளிப்பாட்ட வெச்சிருக்குறேன்."

"காளை எங்கங்க?"

"வரும்."

"அது வர்ற வரைக்கும் நீங்க எடம் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

திம்மராயன் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கினார். முனிவேல் பணிவாகக் கும்பிட்டுவிட்டுப் போனான். போகிற வழியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு எல்லப்பன் வீட்டில் நின்றான். எல்லப்பன் தண்ணீரோடு வெல்லமும் கொடுத்தான்.

சாயங்காலத்துக்குள் செய்தி வேறு உருவம் எடுத்துவிட்டது. கெம்பனுடைய மூலம் எஜமானருக்குத் தொற்றிக்கொண்டது. அது காற்றில் பரவும். மோரில் பரவும். கெம்பனிடம் சேர்ந்த பசுவுக்கும், அந்தப் பசுவின் பாலைக் குடித்தவனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும் வரும். மறுநாள் முதல் ஊரில் ஒருவரும் திம்மராயன் வாசலில் பசுவைக் கட்டவில்லை. வெங்கடம்மாள் கொண்டுபோன மோரை அடுத்த வீட்டுக்காரி அவள் எதிரிலேயே சாக்கடையில் ஊற்றினாள்.

வெங்கடம்மாள் காலிச் சட்டியோடு வந்து புருஷன் முன்னால் நின்றாள். ஊர் சொல்வது நிஜமா, உங்களுக்கும் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

"எனக்கு என்ன வரும்? இரும்புடி இது" என்றார் திம்மராயன், நின்றபடியே.

வெள்ளிக்கிழமை ஓசூர்ச் சந்தை. விடியுமுன் கெம்பனைப் பிடித்துக்கொண்டு நடந்தே கிளம்பினார். வெங்கடம்மாளும் கூடவே நடந்தாள். பத்து மைல் நடந்தும் திம்மராயனுக்கு ஒரு சுள்ளென்ற வலி இல்லை. உடம்பு சொன்னபடி கேட்டது. மனசுதான் கேட்கவில்லை. வழிநெடுக, கெம்பன் அசைந்து நடக்கும் அழகைப் பின்னாலிருந்து பார்க்கும்போதெல்லாம் நடையைக் குறைத்தார்.

மலைக்கோயிலின் அடிவாரத்தில் நானூறு மாடு. புளியமரத்தடியில் டாக்டரின் கூடாரம். அதற்கு முன்னால் ஒரு பெஞ்சின் மேல், இரண்டு முழ நீளத்தில், பளபளவென்று துடைத்து வைத்த இரும்புக் கிடுக்கி. காலையிலிருந்து ஒன்பது காளைகள் அதற்குள் புகுந்து எருதாகி வெளியே வந்திருந்தன. அடுத்து வரிசையில் எல்லப்பனின் வெள்ளைக் காளையும் கெம்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

டாக்டர் சின்னராஜ் திம்மராயனைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தார். "நீங்க கொஞ்சம் தனியா வாங்க. கூடாரத்துக்குப் பின்னால போய்ப் பேசலாம்."

பின்னால் கூப்பிட்டுக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிடப் பார்க்கிறார் என்று திம்மராயன் நினைத்தார். கெம்பனின் கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் இங்கேயே கேளுங்க."

"இங்க வேண்டாம். நாலு பேர் இருக்காங்க."

"இருக்கட்டும். நாலு பேரும் கேட்கட்டும்."

டாக்டர் சங்கடத்தோடு சுற்றிலும் பார்த்தார். அதுதான் சமயம் என்று எல்லப்பன் முன்னால் வந்து, நோய் பிடித்த காளைக்குச் சீட்டு எதற்கு, உத்தரவுப்படி கிடுக்கியை எடுக்க வேண்டியதுதானே என்று உரக்கக் கேட்டான். கூட்டம் கூடிவிட்டது. முனிவேல் பழக்கதோஷத்தில் கிடுக்கியைக் கையில் எடுத்தான்.

டாக்டருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

"கடைசித் தடவையா கேக்கிறேன்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "என்ன மருந்து, யார் கொடுத்தது, எப்படிக் கொடுத்தீங்க? ஒளிக்காம சொல்லுங்க."

திம்மராயன் கெம்பனைப் பார்த்தார். ஒன்றும் தெரியாமல் அது அவர் தோளை நக்கிக்கொண்டிருந்தது. முனிவேலின் கையைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் காளைக்கு ஒரு சீக்கும் இல்லை. மூலம் எனக்கு."

முனிவேல் கிடுக்கியைக் கீழே இறக்கினான்.

"கேட்டுச்சா எல்லாருக்கும்? மூலம், ரத்த மூலம், ரெண்டு மாசமா. வெக்கப்பட்டுக்கிட்டு இந்த வாயில்லாத ஜீவன் மேல பழியப் போட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. திம்மராயனுக்கும் மத்தவங்க மாதிரி ஒரு உக்காருற எடம் இருக்குது, அதுல ஒரு நோவு வந்துச்சு. திருடினேனா, கொலை பண்ணினேனா? அந்தக் கிடுக்கிய யாருக்காச்சும் போட்டே ஆகணும்னா எனக்குப் போடுங்க. பொய் சொன்னவன் நான்."

எல்லப்பன் சிரிக்க ஆரம்பித்தான். கூடச் சிரிக்க ஆள் தேடித் திரும்பிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. நிறையப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய தலைப்பாகைக்காரர் மெதுவாக, "கொறைஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"கொறைஞ்சுச்சாவா? பத்து மைல் நடந்து வந்து நிக்கிறேன். கத்தி வெக்கல. பெங்களூர் போகல. எல்லாம் ஏரிக்கரையில சும்மா மொளைக்கிற எலை."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தார். "எத்தனை இலை?"

"கைப்பிடி. விளக்கெண்ணெயில வதக்கி, வெறும் வயித்துல."

"விளக்கெண்ணெய் எவ்வளவு? நிறம் மாறுற வரைக்கும் வதக்கணுமா?"

"சுருண்டா போதும்."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். இவர் எதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாலும் சரி என்று திம்மராயன் ஒன்றையும் மறைக்கவில்லை. தொட்டித் தண்ணீரின் சூடு, கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைக்கிற பக்குவம், மோர், களி, காபியை விட்டது, நாற்காலியை மரத்தில் மாட்டியது எல்லாவற்றையும் சொன்னார். வந்தால் அடக்கக் கூடாது, வராதபோது முக்கக் கூடாது என்ற இடத்தில் கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று பெருமூச்சு வந்தது. மங்கம்மா எந்தச் சந்தையில் எந்த வரிசையில் உட்காருவாள் என்பதை டாக்டர் இரண்டு தடவை கேட்டு எழுதினார். கடைசியில் எச்சரிக்கையையும் விடவில்லை. ஒரு மாதத்தில் ரத்தம் நிற்காவிட்டால் மனுஷ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதில் வீம்பு கூடாது.

"அப்படிப் போனவர்தான் எங்க மச்சான் கோவிந்தப்பன். அவரை மெத்தைன்னு கூப்பிட்டது நான். அது தப்பு. இத்தனை பேர் முன்னால சொல்றேன், தப்பு."

வெங்கடம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப நான் அரைச்சு அரைச்சுப் போட்டதெல்லாம்?"

"மூணுல ஒரு பங்கு எனக்குத்தான் வந்துச்சு."

"இனிமே தட்டுலயே போடறேன். தொட்டிக்கு வராதீங்க."

டாக்டர் காகிதத்தை நாலாக மடித்துப் பத்திரமாக உள்பையில் வைத்துக்கொண்டார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் திம்மராயன் கையில் கொடுத்தார். கெம்பனின் பெயர், நிறம், வயது, அரசாங்க முத்திரை. எல்லப்பன் கயிற்றை விட்டுவிட்டுத் தன் காளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முனிவேல் கிடுக்கியோடு அந்தப் பக்கம் போய், காரியத்தை முடித்துவிட்டு வந்தான்.

சந்தைக்கு வெளியே வந்ததும் திம்மராயன் ஜெயித்த மல்லன் மாதிரி நடந்தார். தலைப்பாகைக்காரரும் இன்னும் ஆறேழு பேரும் இலையின் அடையாளம் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஊர் முன்னால் உண்மையைச் சொன்னதால்தான் கெம்பன் தப்பித்தது, வாயைத் திறந்திராவிட்டால் இந்நேரம் எருதாகியிருக்கும் என்று வெங்கடம்மாளிடம் மூன்றாம் தடவையாகச் சொன்னார்.

காளையின் காதில் எண் வில்லை மாட்டுவதற்காக முனிவேல் ஓடி வந்தான். வில்லையில் இருந்த எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டை விரித்துக் காட்டினான். திம்மராயன் எண்ணைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த தேதியையும் பார்த்தார்.

"இது திங்கக்கிழமைத் தேதியாச்சே. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"திங்கக்கிழமையே கையெழுத்தாயிடுச்சுங்க. மாட்டுக்கு மூலம் எங்க வருதுன்னு மனுவைப் பாத்த அன்னிக்கே சிரிச்சாரு."

"அப்புறம் எதுக்குய்யா என்னை ஒரு வாரமாத் தொரத்தித் தொரத்தி, என்ன மருந்து, என்ன மருந்துன்னு கேட்டாரு?"

முனிவேல் கூடாரத்தின் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வில்லையை மாட்டுகிற சாக்கில் அவர் காதருகே குனிந்தான்.

"வேற எப்படிங்க கேப்பாரு? எங்க டாக்டருக்கும் உங்க காளைக்கு வந்த அதே சீக்குதான்."